வந்தாறுமூலையின் கதைகளும் யூடியூப் டொலரும்: கமராவைத் தூக்குமுன் அறிய வேண்டியவை

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் ஏறாவூர், செங்கலடி தாண்டிப் போனால் வந்தாறுமூலை வரும். கிழக்குப் பல்கலைக்கழகத்தால் வெளியுலகம் அறிந்த ஊர். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் இன்றுவரை திரும்பவில்லை.

அன்று எவர் கையிலும் கைத்தொலைபேசிக் கமரா இல்லை. இன்று பாடசாலைப் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. வாவி மீன்பிடி, வயல் வேலை, கோயில் சடங்கு, சமையல் என்று காணொளி எடுத்து உழைக்கலாம் என்ற எண்ணம் எமது இளையோரிடம் பரவியிருக்கிறது. நல்ல விடயம்தான். ஆனால் எந்தக் கதைக்குக் காசு வரும், எதற்கு வராது, எது ஒருநாள் அழிந்துபோகக்கூடும் என்பதை விளங்கிக்கொண்டு தொடங்க வேண்டும்.

களரியிலிருந்து திரைக்கு

காட்சியால் கதை சொல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குத் துணைநின்றவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். விடிய விடிய ஆடும் கூத்து மேடைக்காகச் சுருங்கியது. ஆட்டமும் தாளமும் கைவிடப்படவில்லை.

ஊடகம் மாறினால் வடிவம் மாறும். அது குற்றமல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. களரிக் கூத்துக்குச் செலவழித்தது ஊர், பார்த்ததும் ஊர். யூடியூப்பில் பெரும்பாலும் காசு தருபவர் விளம்பரதாரர். எனவே எந்தக் கதை பிழைக்கும் என்பதில் அவருடைய விருப்பமும் நுழைகிறது.

காசு எப்படி வருகிறது?

விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஒரு சனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் கடந்த 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வை, அல்லது 90 நாட்களில் 10 மில்லியன் ஷோர்ட்ஸ் பார்வைகள் வேண்டும். நீண்ட காணொளியின் விளம்பர வருமானத்தில் 55 வீதமும், ஷோர்ட்ஸுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 வீதமும் படைப்பாளிக்குப் போகும். கணக்கில் 100 டொலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும்.

பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் முக்கியம். கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருந்து வரும் பார்வைக்கு இலங்கைப் பார்வையை விடப் பொதுவாகக் கூடுதல் பெறுமதி. ஆகவே புலம்பெயர் உறவுகளின் ஊர் ஏக்கம் ஒரு சந்தையாகிறது. வாவிக்கரையையும் நண்டுக் கறியையும் காட்டி அதில் உழைப்பது நேர்மையான தொழில்.

கண்ணீர் விற்பனை

அதே சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. வறிய வீட்டுக்குள் கமராவுடன் நுழைந்து, தாயை அழவைத்து, பிள்ளையின் முகத்தைக் காட்டி, உதவிப் பொதி கொடுக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இப்படியான காணொளி ஒன்றில் ஒரு பெண்பிள்ளையை அவமதித்ததாக எழுந்த குற்றச்சாட்டில் யூடியூபர் ஒருவர் கைதானார்.

உதவி உண்மையாக இருக்கலாம். ஆனால் உதவி வேண்டி நிற்பவரால் "படம் எடுக்க வேண்டாம்" என்று சொல்ல முடிவதில்லை. வாயால் சம்மதித்தாலும் அது முழுச் சம்மதம் ஆகாது. போரில் கணவனையோ பிள்ளையையோ இழந்த பெண்களே இதில் முதலில் அகப்படுகிறார்கள்.

மஞ்சள் குறி

காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி அமைதியாக, ஆதாரத்தோடு ஒரு காணொளி செய்தால் என்ன நடக்கும்? போர், மரணம், வன்முறை பற்றிய காணொளிகளுக்கு விளம்பரத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ யூடியூப்பின் விதிகள் இடம்தருகின்றன. படைப்பாளியின் பக்கத்தில் மஞ்சள் டொலர் குறி விழும். மீள்பரிசீலனை கேட்கலாம். ஆவணத் தன்மையான காணொளிக்கு விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் இந்தக் கதைகளை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து அழிப்பு. 2017இல் தீவிரவாதக் காணொளிகளைக் கண்டுபிடிக்க யூடியூப் தானியங்கி முறையைப் புகுத்தியபோது, சிரியப் போரின் மனித உரிமை மீறல்களைப் பதிவுசெய்த ஆயிரக்கணக்கான காணொளிகளும் சேர்ந்து காணாமல் போயின. அவற்றை முன்கூட்டியே பிரதி எடுத்துப் பாதுகாத்து வந்த 'சிரிய ஆவணகம்' போன்ற அமைப்புகளாலேயே பல காட்சிகள் தப்பின.

கடை வேறு, பெட்டகம் வேறு

யூடியூப்பை ஒரு கடையாகப் பயன்படுத்தலாம், பெட்டகமாக நம்பக்கூடாது. உழைப்புக்கான காணொளியையும் நினைவுக்கான பதிவையும் பிரித்து வையுங்கள்.

சாட்சியம் எடுக்கும்போது முதலில் கமரா இல்லாமல் போய்ப் பேசுங்கள். இணையத்தில் போட்டால் யார் யார் பார்க்கக்கூடும் என்பதை விளக்குங்கள். முகம் வேண்டாம் என்றால் குரலையோ கைகளையோ மட்டும் எடுங்கள். பிறகு மனம் மாறினால் நீக்குவதாக வாக்குக் கொடுங்கள்.

எடுத்த மூலக் கோப்பை வெட்டாமல், சுருக்காமல் இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். திகதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி தரம் குறைந்தது, அதை மூலமாகக் கொள்ள முடியாது. ஒரு பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

1990இல் இருபது வயதில் கணவனைப் பறிகொடுத்த பெண் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். மகனைத் தேடிய தாய்மாரில் பலர் இப்போது இல்லை. வாவியையும் வயலையும் அடுத்த வருடமும் படம் எடுக்கலாம். அந்தத் தாய்மாரின் குரலுக்கு அவ்வளவு தவணை கிடையாது.