திரும்பி வராத 54 பேர்
1971 போரில் காணாமல் போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? அரசிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன

ஆண்டுதோறும் டிசம்பர் 16 அன்று, 1971 போரின் வெற்றியை நாடு நினைவுகூர்கிறது. சிம்லா, தில்லி ஒப்பந்தங்களின்படி, பிடிபட்ட சுமார் 93,000 பாகிஸ்தானியர்களும் 1974-க்குள் ஊர் திரும்பிவிட்டார்கள். பாகிஸ்தானிடம் சிக்கியதாகக் கருதப்படும் 54 இந்திய வீரர்கள் மட்டும் திரும்பவேயில்லை.

அவர்களில் ஒருவர் ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. 1971 டிசம்பர் 5-ல் பாகிஸ்தானுக்குள் அவரது விமானம் வீழ்த்தப்பட்டது. பிடிபட்ட இந்திய விமானிகளின் பட்டியலில் ஏறக்குறைய இதே பெயரை ஒரு பாகிஸ்தான் நாளேடு போர் நாட்களிலேயே வெளியிட்டது. அவரது மனைவி தமயந்தி, பாட்மின்டனில் தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். மணமாகி இரண்டாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. கணவரைத் தேடுவதே அதன்பின் அவரது வாழ்க்கையாயிற்று.

இப்படிப்பட்ட தடயங்கள் வேறு சிலருக்கும் உண்டு. பாகிஸ்தான் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு கைதியின் படம் 1971 டிசம்பர் இறுதியில் 'டைம்' இதழில் வந்தது. அது மேஜர் ஏ.கே. கோஷ் என்று குடும்பத்தார் அடையாளம் கண்டார்கள். போரில் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட மேஜர் அசோக் சூரியிடமிருந்தோ, மூன்று ஆண்டுகள் கழித்துத் தந்தைக்குக் கடிதம் வந்தது. அடுத்த கடிதம், கராச்சியில் தன்னோடு இன்னும் 20 அதிகாரிகள் இருப்பதாகச் சொன்னது. கையெழுத்து சூரியுடையதுதான் என்று உறுதியானதும் அரசு தன் பதிவேட்டில் 'இறந்தவர்' என்பதைக் 'காணாமல் போனவர்' என்று திருத்தியது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. மகனைப் பார்க்காமலேயே தந்தை இறந்துபோனார்.

1979-ல் மக்களவையில் அரசு 40 பேரின் பட்டியலைத் தாக்கல் செய்தது. பிற்பாடு அது 54 ஆயிற்று. அப்படி யாரும் தன்னிடம் இல்லை என்று பாகிஸ்தான் மறுத்தே வந்திருக்கிறது. 1983-லும் 2007-லும் உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய் வந்தார்கள். தங்களவர் ஒருவரைக்கூட அவர்களால் பார்க்க முடியவில்லை.

பாகிஸ்தானின் மறுப்பு எதிர்பார்த்ததுதான். குடும்பங்களைத் தவிக்க வைப்பது தில்லியின் குழப்பம். உயிரோடு இருக்கிறார்களா என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, இறந்துவிட்டதாகவே கருதுவதாக அரசுத் தரப்பு கூறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019-ல், நாடாளுமன்றத்தில் வேறு கணக்கு வந்தது: இந்த 54 பேரையும் சேர்த்து 83 இந்தியப் படைவீரர்கள் பாகிஸ்தான் வசம் இருக்கிறார்கள் என்றது வெளியுறவு அமைச்சகம்.

இரண்டில் எதை நம்புவது? இறந்தவர் என்றால் திதி கொடுக்க ஒரு நாள் வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் மீட்க வழி தேட வேண்டும். சிலர் அன்றே விமானத்தோடு எரிந்திருக்கலாம், சிலர் சிறையில் மடிந்திருக்கலாம். எல்லோரையும் ஒரே பட்டியலில் வைத்து, கேட்கிற இடத்துக்குத் தகுந்தபடி ஒரு பதில் சொல்வது விசாரணை ஆகாது.

ஒவ்வொரு பெயருக்கும் கோப்புகளில் என்ன இருக்கிறது என்பதைத் தனித்தனியாகச் சொல்லிவிட அரசால் முடியும். அதற்கு இஸ்லாமாபாத்தின் அனுமதி தேவையில்லை.