உங்களுக்குத் தெரியுமா? பார்க்கில் பார்க் பண்ணலாமா?

● தி.நகர் பனகல் பார்க்கில் 'பார்க்' பெயர்ச்சொல். அதைச் சுற்றிச் சுற்றி வந்து வண்டி நிறுத்த இடம் தேடும்போது அதே 'பார்க்' வினைச்சொல். ஆங்கிலத்தில் சொல்லின் உருவம் துளிகூட மாறாது. பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் தனித்தனி விகுதிகள் இருந்தன. நாளடைவில் அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து உதிர, சொற்கள் இப்படிக் கட்சி மாறுவது எளிதாகிவிட்டது.

● ஆனால் 'பார்க்கினான்' என்று பாண்டி பஜாரில் யாரும் சொல்வதில்லை, 'பார்க் பண்ணினான்'தான். ஆங்கில வினையைப் பெயர்போல உட்காரவைத்துவிட்டு காலம், இடம், பால் எல்லாவற்றையும் 'பண்ணு'வின் தலையில் கட்டிவிடுகிறோம். தானாக நடந்தால் 'ஆகு' வரும். கடையை ஓபன் பண்ணினார்கள். கடை ஓபன் ஆச்சு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஓபன்'. பிரித்துச் சொல்வது நாம்தான்!

● 'கூகுள்' 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வினைச்சொல்லாக ஏறியது. நமக்கு 'கூகுள் பண்ணு'.

● இருப்பதிலேயே பெரிய கில்லாடி 'ஓவர்'. 'ஓவராப் பேசாதே' என்றால் வினையடை. 'இது ரொம்ப ஓவர்' என்றால் பயனிலை. 'ஓவர் பண்றான்' என்றால் ஏதோ ஒரு குற்றத்தின் பெயர். சேப்பாக்கத்திலோ ஆறு பந்து. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் இன்னொரு சொல்லை ஒட்டி நிற்கும் சொல். இடைச்சொல் தனித்து நிற்காது, பெயரையோ வினையையோ சார்ந்தே வரும் என்பது தமிழ் இலக்கணம். நம்மூருக்கு வந்த 'ஆன்', 'ஆஃப்', 'அவுட்'டெல்லாம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஃபேனை ஆஃப் பண்ணுகிறோம், கேள்வித்தாளும் அவுட் ஆகிறது.

● 'பண்ணு'வுக்குப் போட்டி 'அடி'. போர் அடிக்கும், சைட் அடிப்பார்கள், காலேஜைக் கட் அடிப்பார்கள். அந்த 'அடி'யே இரட்டை வேடக்காரர்தான்: 'அவனை அடி' என்றால் வினை, 'சரியான அடி' என்றால் பெயர். இப்படி வினைப்பகுதியே பெயராக நின்றால் முதனிலைத் தொழிற்பெயர். கெடு 'கேடு' ஆவதும் சுடு 'சூடு' ஆவதும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

● சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று வகுக்கும் இலக்கண நூல்களில் ஒன்றுக்கு மயிலாப்பூர்த் தொடர்பு உண்டு. அங்கே முன்பு கோயில்கொண்டிருந்த சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் பெயரால் குணவீர பண்டிதர் இயற்றியது 'நேமிநாதம்'. எழுத்து, சொல் இரண்டோடு முடிந்துவிடும். 'சின்னூல்' என்றும் சொல்வார்கள்.

● ஆங்கில 'லேட்' பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே முகத்தோடு வரும். அடையாறு டிப்போவில் காத்திருப்பவர் அதை விடமாட்டார்: 'லேட்டான பஸ்', 'லேட்டா வருது', 'இன்னிக்கும் லேட்டு'.