கங்கையில் காலை ஊன்றாதீர்கள்!

ரிஷிகேச யாத்திரை. கங்கா ஸ்நானம் ஆயிற்று, கோயில்களையும் பார்த்தாயிற்று. "அம்மா, படகு!" என்று காலேஜில் படிக்கும் பிள்ளை உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறான். நுரை கக்கிப் பாயும் ஆற்றில், காற்றடைத்த ரப்பர் தெப்பத்தில் ஏழெட்டுப் பேர் துடுப்புப் போட்டுப் போகிறார்களே, அதில்தான் அவனுக்குக் கண்! பதறாதீர்கள். விஷயம் தெரிந்துகொண்டு, நீங்களும்தான் ஏறுங்களேன்!

நீர்ப்பாய்ச்சலின் கடுமையை உலகெங்கும் ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். சிவபுரியிலிருந்து ரிஷிகேசம் வரை சுமார் 16 கிலோமீட்டரில் வருபவை பெரும்பாலும் மூன்றாம் தரம் வரைதான். அவற்றில் ஒன்றுக்கு 'ரிட்டர்ன் டு சென்டர்' என்று பெயர். (தபால் இலாகா ஆசாமி யாரோ வைத்திருக்க வேண்டும்!) மழைக்காலத்தில் கங்கை பெருகிவிடும், அப்போது படகு விடுவதில்லை.

சேலை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் ஆகாது. தலைக்கவசம் அவசியம். மிதவைச் சட்டையைத் தோளில் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. வாரை இறுக்கச் சொல்லுங்கள். துடுப்பின் மேல்நுனியில் உள்ள குறுக்குப் பிடியை விடாதீர்கள். விட்டால் பக்கத்திலிருப்பவரின் பல் போகும்! பெரிய அலையைக் கண்டதும் துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடத் தோன்றும். அப்போதுதான் வலித்துப் போட வேண்டும்.

இவ்வளவும் செய்து, விழுந்துவிட்டால்? முழங்காலளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கத்தான் தோன்றும். நிற்கவே நிற்காதீர்கள்! அடியில் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் வேகம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். மிதவைச் சட்டைகூட அப்போது கைகொடுக்காது.

மல்லாந்து படுங்கள். பாதங்கள் நீர் ஓடும் திசையில் நீண்டு, கால்விரல்கள் தண்ணீருக்கு மேல் தெரியட்டும். எதிரே பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். அலை முகத்தில் அடித்து ஓய்ந்ததும் மூச்சு வாங்குங்கள். வழிகாட்டி கயிறு வீசினால் கையில் சுற்றிக்கொள்ளாமல் மார்போடு பிடித்து, மல்லாந்தபடியே வாருங்கள். ஓட்டம் அடங்கி, முதுகு கரை மணலில் உரசிய பிறகே எழுந்திருங்கள்.

கங்கை நீர் பனியாய்ச் சில்லிடும். உலர்ந்த துண்டையும் மாற்றுப் புடவையையும் ஏறும் துறையிலேயே விட்டுவிடாமல், வண்டியில் இறங்கும் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.