வண்ணக் கண்ணாடி வேலைப்பாடு: தொடக்கநிலை அறிமுகம்

வண்ணக் கண்ணாடி வேலைப்பாடு என்பது நிறமுள்ள கண்ணாடித் தகடுகளை வரைபடத்துக்கு ஏற்ற துண்டுகளாக்கி, அவற்றை உலோகத்தால் இணைத்துப் படமாக அமைக்கும் கலை ஆகும். ஆங்கில வழக்கைப் பின்பற்றி இதனை ‘ஸ்டெயின்ட் கிளாஸ்’ என்றும் கூறுவர். ஐரோப்பியத் தேவாலயச் சாளரங்களில் வளர்ந்த இக்கலை, இன்று சன்னலில் தொங்கவிடும் அலங்காரங்கள், விளக்குக் கூடுகள் முதலியவற்றைச் செய்யும் பொழுதுபோக்காகவும் பயிலப்படுகிறது.

இது கண்ணாடி ஓவியத்திலிருந்து வேறுபட்டது. கண்ணாடி ஓவியத்தில் நிறமற்ற கண்ணாடியின் மேல் வண்ணம் பூசப்படுகிறது. இங்கோ நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடியை உருக்கும்போது கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால் நீலமும், இரும்புச் சேர்மங்கள் சேர்த்தால் பச்சையும், மிகச் சிறிதளவு பொன் சேர்த்தால் சிவப்பும் கிடைக்கும்.

வரலாறு

12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்னும் துறவி இலத்தீன் மொழியில் எழுதிய கைவினை நூலில், சாளரம் செய்யும் முறை படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து, விரிசல் உண்டாக்கிக் கண்ணாடியைப் பிளந்தனர். 1248இல் அருட்பொழிவு செய்யப்பட்ட பாரிசு நகரின் செயின்ட் சாப்பல் ஆலயம் இக்கலையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறையில் உருவான விளக்குக் கூடுகள், செப்பு நாடா முறையைப் பரவலாக்கின. தமிழ்நாட்டில் சென்னை சாந்தோம் பேராலயத்தில் புனித தோமையார் வரலாற்றைக் காட்டும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைக் காணலாம்.

இரு முறைகள்

துண்டுகளை இணைக்க இரு முறைகள் உள்ளன. ஈயச் சட்ட முறையில், இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளுக்குள் கண்ணாடி செருகப்படுகிறது. பெரிய சாளரங்களுக்கு இது ஏற்றது. செப்பு நாடா முறையில், ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசையுள்ள மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றி, நாடாக்களை ஒன்றோடொன்று பற்றவைப்பர். சிறிய வேலைகளுக்கு வசதியானது என்பதால் புதியவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றனர்.

தேவையான கருவிகள்

சிறு சக்கரம் கொண்ட கண்ணாடி வெட்டி, கண்ணாடியைப் பிளக்கும் குறடு, விளிம்பைக் கொறிக்கும் குறடு, நீர் ஊற்றித் தேய்க்கும் சாணைக்கல், செப்பு நாடா, 80 முதல் 100 வாட் வரையிலான பற்றவைப்புக் கோல், பற்றாசு, ‘பிளக்ஸ்’ எனப்படும் இளக்கி ஆகியவை அடிப்படைத் தேவைகள். கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியையும் இவற்றோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

வெட்டுதல்

‘வெட்டுதல்’ என்று சொன்னாலும் உண்மையில் கண்ணாடி வெட்டப்படுவதில்லை, பிளக்கப்படுகிறது. அழுத்தத்தை நன்கு தாங்கும் கண்ணாடி, இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. வெட்டியின் சக்கரம் மேற்பரப்பில் ஒரு நுண்விரிசலை உண்டாக்குகிறது. கோட்டின் இருபுறமும் பிடித்து வளைத்தால் இழுவிசை அவ்விரிசலில் குவிந்து, கோட்டின் வழியே கண்ணாடி பிரிகிறது. எனவே கோடு ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடிய வேண்டும். ஒரே சீரான அழுத்தத்தில், ஒரே முறை கீற வேண்டும். அதே கோட்டில் மறுபடியும் கீறினால் விரிசல் ஒழுங்கற்றுப் போவதோடு சக்கரமும் கெடும்.

இதனால் வரைபடத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ‘ட’ எழுத்தின் உள்மூலை போன்ற கூர்மையான உட்கோணத்தைக் கைக்கருவியால் ஒரே துண்டில் எடுக்க இயலாது. விரிசல் மூலையில் திரும்பாமல் நேராகவே ஓடும். அத்தகைய வடிவத்தை வரைபடத்திலேயே இரண்டு துண்டுகளாகப் பிரித்துவிட வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. ஒரு வரிசையில் உள்ள பத்துத் துண்டுகள் ஒவ்வொன்றும் 1 மி.மீ. கூடினால், படம் 1 செ.மீ. பெரிதாகிவிடும். பற்றாசு இடைவெளியை ஓரளவு மறைக்கலாம். தவறான அளவைச் சரிசெய்யாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்துத் தேய்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

நாடா சுற்றுதலும் பற்றவைத்தலும்

தேய்த்த துண்டுகளைக் கழுவி, ஈரமின்றித் துடைத்த பிறகே நாடா ஒட்டும். 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக்கு 5.5 மி.மீ. அகல நாடாவை நடுவில் பொருத்தினால், இருபுறமும் 1.25 மி.மீ. மடியும். மடிப்பை மரக்குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பின்னர் துண்டுகளை அடுக்கி, இளக்கி தடவி, முதலில் ஆங்காங்கே புள்ளியாகப் பற்றவைத்து, அவை நகராதபடி ஆனதும் முழுக் கோட்டையும் நிரப்ப வேண்டும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, ஏறத்தாழ 190 பாகையில் முழுதும் உருகும். கோலை ஓரிடத்திலேயே நிறுத்திவைத்தால் வெப்பத்தால் கண்ணாடி விரிசல் விடலாம்.

பாதுகாப்பு

பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் இளக்கியிலிருந்து வருவது. அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். எனவே காற்றோட்டம் அவசியம். ஈயமோ முக்கியமாகக் கை வழியே வாய்க்குச் செல்கிறது. குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது. ஆகவே சமையலறையிலும் உணவு மேசையிலும் இவ்வேலையைச் செய்யக்கூடாது. வேலையின் நடுவே எதையும் உண்ணக்கூடாது. முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மேசையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் வேலையிடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஈயமற்ற பற்றாசும் கிடைக்கிறது. அதற்கு விலையும் வெப்பமும் சற்றுக் கூடுதல். உடைந்த சில்லுகளைத் தடித்த தாளில் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியே கொடுத்தால் தூய்மைப் பணியாளர்களின் கைகள் காயப்படா.

முதல் வேலை

முதலில் விலை குறைந்த சாதாரண சன்னல் கண்ணாடியில் நேர்கோடுகளையும், பிறகு மெல்லிய வளைவுகளையும் பிளந்து பழகுவது நல்லது. அதன்பின் 15 செ.மீ. சதுரத்துக்குள், நேர்கோடுகளால் ஆன நான்கைந்து துண்டுகள் கொண்ட தொங்கு அலங்காரத்தைச் செய்யலாம். நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணாடியை மேசைமேல் வைத்துப் பார்க்காமல், சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும்; மேசையில் கருப்பாகத் தெரியும் துண்டு, ஒளி ஊடுருவும்போது ஆழ்ந்த நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கக்கூடும்.