மகிழடிச் சூளும் குருதிக் கையொப்பமும்: சங்கிலியார் வரலாற்றில் ஒப்பந்தம்

முன்னுரை

ஞாயிறு, திருவொற்றியூர், திருமுல்லைவாயில் ஆகிய மூன்றும் புழல் ஏரியைச் சுற்றி அமைந்த ஊர்கள். இவற்றுள் திருவொற்றியூரைக் கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்துப் புழற்கோட்டத்தில் வைத்துக் குறிக்கின்றன. சங்கிலியார் பிறந்தது ஞாயிற்றில். சுந்தரர் அவருக்குச் சூளுரைத்தது ஒற்றியூரில். அச்சூளை மீறிக் கண்ணிழந்து வழிநடந்தபோது சென்று பாடியது முல்லைவாயிலில். பெரியபுராணத்தின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் இடம்பெறும் இவ்வரலாறு பெரும்பாலும் இறைவனின் திருவிளையாடலாகவே விளக்கப்பட்டு வருகிறது. இதனை ஓர் ஒப்பந்தக் கதையாகவும் படிக்க இயலும். அவ்வாறு படிக்கும்போது, ஐரோப்பிய மரபின் ஃபௌஸ்ட் கதையிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஃபௌஸ்ட் மரபு

அறிவின் எல்லையைக் கடக்க விரும்பிய அறிஞன் ஒருவன் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுத்ததே ஃபௌஸ்ட் கதை. 1587இல் பிராங்பர்ட்டில் அச்சான செருமானியக் கதைநூலில் அவன் பெற்ற தவணை 24 ஆண்டுகள். மார்லோவின் நாடகமும், கதேயின் இரு பகுதிப் படைப்பும் (1808, 1832) இதனை உலக இலக்கியமாக்கின. உருசிய இயக்குநர் அலெக்சாந்தர் சொகூரவ் செருமன் மொழியில் எடுத்த ‘ஃபௌஸ்ட்’ (2011) வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றும் பரவலாக அறியப்படாத படம். அதில் சாத்தானின் இடத்தில் வட்டிக்குக் கொடுப்பவன் ஒருவன் வருகிறான். ஃபௌஸ்ட் கேட்பது பேரறிவும் பேரரசும் அல்ல. மார்கரீத்தாவுடன் ஓர் இரவு மட்டுமே. குருதியால் கையொப்பமிடும் முன் அவன் ஒப்பந்தத்தில் உள்ள எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டுகிறான். ஆன்மா பறிபோகும் நேரத்தில் பிழைதிருத்தும் அறிஞனைக் காட்டும் இக்காட்சியே படத்தின் கூர்மையான அங்கதம். இறுதியில் அவன் கடன்காரன்மேல் கற்களை எறிந்து மூடிவிட்டு நடந்து செல்கிறான். எழுதிய ஒப்பந்தம் எழுதியவனைக் கட்டவில்லை. பேசப்பட்ட பொருளான மார்கரீத்தாவுக்கோ அப்படி ஓர் ஓலை இருப்பதே தெரியாது.

இரண்டு ஒப்பந்தங்கள்

சுந்தரர் வாழ்வில் ஒப்பந்தங்கள் இரண்டு. முதலாவது எழுத்தில் அமைந்தது. தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதிய அந்தணர் ஆளோலையைக் காட்டி நம்பியைத் தம் அடிமை என்கிறார். நம்பி அதனைப் பறித்துக் கிழிக்க, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிபட்டது படியோலை, மூலவோலை அந்தணரிடம் உள்ளது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே அவையினர் தீர்ப்பளிக்கின்றனர். சேக்கிழார் சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் என்பதை இந்த நடைமுறை நுணுக்கம் நினைவூட்டுகிறது. இங்கே ஒப்பமிட்டவர் ஒருவர், கட்டுப்படுபவர் வேறொருவர். ஃபௌஸ்டுக்கு வாய்த்த தெரிவு நம்பிக்கு வாய்க்கவில்லை.

இரண்டாவது ஒப்பந்தம் வாய்மொழிச் சூள். ஒற்றியூர்க் கோயிலில் மாலை தொடுத்துவந்த சங்கிலியாரைக் கண்ட சுந்தரர், அவரைத் தமக்குத் தருமாறு இறைவனிடமே வேண்டுகிறார். இதுவரை கதையமைப்பு ஃபௌஸ்டினுடையதே: ஆணொருவன் ஆற்றல் மிக்க ஒருவரிடம் பெண்ணைக் கேட்கிறான், பெண்ணிடம் கேட்கவில்லை. சேக்கிழார் பிரியும் இடம் அடுத்து வருகிறது. இறைவன் சங்கிலியாரின் கனவில் சென்று கேட்கிறார். அவரோ, நம்பி ஆரூரில் மகிழ்ந்து உறைபவர் என்ற தடையை எழுப்புகிறார். பரவையாரைச் சுட்டும் தடை அது. அதற்கு மறுமொழியாகவே, பிரியேன் என நம்பி சூளுரைப்பார் என்கிறார் இறைவன். ஆகவே அந்த நிபந்தனை சங்கிலியாரின் ஐயத்திலிருந்து பிறந்தது. அவர் பேரத்தின் பொருளாக நில்லாமல் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகிறார்.

சுந்தரரும் சட்ட நுணுக்கம் அறிந்தவர். ஒருமுறை ஓலையால் தோற்றவர் அல்லவா? சூளுரைக்க வரும்போது சன்னிதியை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டுகிறார். சான்றில்லாத சூள் கட்டாது என்பது அவர் கணக்கு. இறைவன் இசைந்து, அச்செய்தியைச் சங்கிலியாரிடமும் சொல்லிவிடுகிறார். மறுநாள், இறைவன் திருமுன் சூள் வேண்டாம், மகிழின்கீழ் அமையும் என்று தோழியர் கூற, நம்பி திகைத்து, மரத்தை வலம்வந்து சூளுரைக்கிறார். ஓட்டையைத் தேடுவோன் தேடிய ஓட்டையிலேயே சிக்குகிறான்.

இந்நிகழ்ச்சி நூலோடு நிற்கவில்லை. இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, பங்குனி உத்திர விழாவில் ஒற்றியூர் மகிழின்கீழ் ஆளுடைய நம்பியின் புராணம் ஓதப்பட, மன்னன் கேட்டிருந்ததைக் குறிக்கிறது. சூளுக்குச் சான்றாக நின்ற அதே மரத்தடியில் அரசன் அமர்ந்து அவ்வரலாற்றைக் கேட்டிருக்கிறான். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெறுகிறது.

சூள் பொய்த்தலும் ஒறுப்பும்

பொய்ச்சூள் தமிழ் அகமரபுக்குப் புதிதன்று. தலைவன் பொய்ச்சூளால் தெய்வம் அவனை வருத்துமோ எனத் தலைவி தரப்பு அஞ்சுவதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அகநானூற்று 256ஆம் பாடல் இன்னும் கடுமையானது: கள்ளூரில் ஒருத்தியின் நலனுண்டு, பின் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தவனை, அவையத்தார் சான்றோரை வினவி உண்மை தெளிந்து, மரக்கிளையில் கட்டித் தலையில் நீறு சொரிந்தனர். கள்ளூரில் அவை செய்ததை ஒற்றியூரில் இறைவன் செய்கிறார் எனக் கொள்ளலாம். தென்றல் வர, ஆரூர் வசந்த விழாவும் பரவையாரின் ஆடலும் நினைவில் எழ, நம்பி ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி மறைகிறது.

ஃபௌஸ்ட் கதையில் ஒறுப்பு மறுமையில் ஆன்மாவுக்கு. இங்கே இம்மையில் உடலுக்கு. ஒறுப்பு நீங்குவதும் படிப்படியாகவே: திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். வட்டிக்கடை மொழியில் சொன்னால், தவணை முறையில் மீட்பு. குறிப்பிடத்தக்கது, இக்காலப் பதிகங்களில் சுந்தரர் தம் பிழையை மறுக்கவில்லை. ஆரூர்ப் பதிகத்தில், மீட்சியற்ற அடிமைகளின் துயரை ஆண்டவன் கண்டுகொள்ளாதது தகுமா என்றே வாதிடுகிறார். இரண்டாம் ஒப்பந்தத்தின் ஒறுப்பிலிருந்து விடுபட, தாம் ஒருகாலத்தில் கிழித்தெறிந்த முதல் ஒப்பந்தத்தையே அவர் எடுத்துக் காட்டுகிறார்.

ஆயினும் இவ்வாசிப்பை அளவுக்கு மீறி நீட்டலாகாது. ஒறுப்பு நிகழ்கிறது, ஆனால் அதனால் சங்கிலியாருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆரூரில் பரவையாரின் ஊடல் தீர்க்க இறைவன் நள்ளிரவில் இருமுறை தூது நடக்கிறார். ஒற்றியூருக்கு அத்தகைய தூது எதுவும் வரவில்லை. நம்பியின் கண்கள் மீண்டபின் சங்கிலியார் நிலை பற்றிச் சேக்கிழார் பேசவில்லை. வெள்ளானைச் சருக்கத்தில்தான் அவர் மீண்டும் தோன்றுகிறார், அதுவும் அநிந்திதையாக, பரவையாரான கமலினியோடு உமையம்மைக்குத் தொண்டு செய்ய. அங்கே மகிழடிச் சூளை எவரும் நினைவூட்டுவதில்லை.