ரோம் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவிக்கான விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ்களில் வந்தன. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நினைவகச் சில்லுகளின் அச்சு அசலான நகலே ரோம் கோப்பு. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. அதை எழுதிய நிரலாளர்களின் சிக்கனம் இன்றும் வியக்க வைக்கிறது.

ரோம் கோப்பை நேரடியாகச் சொடுக்கினால் கணினி இயக்காது. ஏனெனில் அதன் கட்டளைகள் ஃபேமிகாமில் உள்ள 6502 வகைச் செயலிக்காக எழுதப்பட்டவை. மெசென் போன்ற எமுலேட்டரை நிறுவி, அதன் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ஓப்பன்’ வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எமுலேட்டர் பழைய கருவியின் செயலி, திரை, ஒலி அனைத்தையும் மென்பொருளாகவே உருவாக்குகிறது. நகலுக்கு முன்னால் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கப்படும் 16 பைட் தலைப்பு, கார்ட்ரிட்ஜின் சுற்றமைப்பு எந்த வகை என்பதைச் சொல்கிறது. அது பிழையானால் விளையாட்டு தொடங்காமலே போகலாம். பதிப்புரிமை உள்ள விளையாட்டை அனுமதியின்றிப் பகிர்வது சட்டமீறல். ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாகத் தரும் புதிய விளையாட்டுகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.