500 அர்ஹத்துகள்
தகாஷி முரகாமி (பிறப்பு: டோக்கியோ, 1962)
2012. பலகையில் பொருத்திய கேன்வாஸ், அக்ரிலிக். உயரம் 3.02 மீட்டர், நீளம் 100 மீட்டர்

சிரிக்கும் பூக்களாலும், 2003இல் லூயி வுய்ட்டான் கைப்பைகளுக்குத் தந்த வண்ணங்களாலும் உலகம் அறிந்தவர் முரகாமி. ஆனால் அவர் பயின்றது மரபோவியம். கனிமப் பொடியைப் பசையில் குழைத்துத் தீட்டும் நிஹோங்கா ஓவியத்தில் 1993இல் முனைவர் பட்டம் பெற்றார். பழைய ஜப்பானியத் திரையோவியங்களுக்கும் இன்றைய மங்கா, அனிமே படங்களுக்கும் பொதுவான ஆழமற்ற தளத்துக்கு 'சூப்பர்ஃபிளாட்' என்று பெயரிட்டு, அதையே தன் கொள்கையாக்கினார்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும் அவரைச் சமயத்தின் பக்கம் திருப்பின. அர்ஹத்துகள் ஞானம் எய்திய புத்தச் சீடர்கள். துன்பத்தில் தவிக்கும் மக்களுக்குத் துணை நிற்பவர்கள் என்பது நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் கானோ கசுனோபு இதே 500 பேரை டோக்கியோவின் ஸோஜோஜி கோயிலுக்காக 100 சுருள்களில் வரைந்தார். இந்த ஓவியத்துக்குத் தூண்டுதல் அதுவே.

நீல டிராகன், வெண்புலி, செம்பறவை, கருப்பு ஆமை என நான்கு திசைக் காவல் விலங்குகளின் பெயரில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் 25 மீட்டர். கலைக் கல்லூரி மாணவர்கள் 200க்கும் மேற்பட்டோர் முறைவைத்து இரவும் பகலும் உழைத்தார்கள். கைத்தீட்டலோடு ஸ்கிரீன் பிரிண்டிங்கும் கலந்திருக்கிறது.

பேரிடரின்போது விரைந்து உதவிய கத்தாருக்கு நன்றியாக, 2012இல் தோஹாவில் முதலில் காட்சிக்கு வந்தது. ஜப்பானியர் இதைத் தம் மண்ணில் கண்டது 2015இல், டோக்கியோவின் மோரி கலை அருங்காட்சியகத்தில்.

முதலில் தள்ளி நின்று முழு நீளத்தையும் பாருங்கள். பிறகு அருகில் வந்து முதியவர்களின் முகச் சுருக்கங்களைக் கவனியுங்கள்.